எத்தனை சுற்று என்று தீர்மானித்துவிட்டு லூப்பைப் போடுங்கள்

கேள்வி: ஆறு மாதமாக டிஜே மிக்ஸிங் பழகி வருகிறேன். ஒரு பாட்டு முடியும் நேரத்தில் நான்கு பீட் லூப்பை (திரும்பத் திரும்பச் சுற்றும் துணுக்கை) போட்டுவிட்டு அடுத்த பாட்டைக் கொண்டுவருகிறேன். கேட்பவர்கள், கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். சில சமயம் கிக் (பெரிய டிரம்மின் அடி) இரட்டையாகவும் அடிக்கிறது. இன்னும் விலை உயர்ந்த கன்ட்ரோலருக்கு மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம். பழுது கருவியில் இல்லை என்பதை உங்கள் கேள்வியில் உள்ள ‘போட்டுவிட்டு’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. லூப்பைப் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த பாட்டைத் தேடுகிறீர்கள், ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்கிறீர்கள், வேகத்தைச் சரிசெய்கிறீர்கள். அதற்குள் அந்த நான்கு பீட் இருபது முறை சுற்றி முடித்திருக்கும். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தில் நான்கு பீட் என்பது 1.875 வினாடி. இருபது சுற்று என்றால் 37 வினாடிக்கும் மேலாக ஒரே துணுக்கை, எந்த மாற்றமும் இல்லாமல், கேட்பவர்களின் காதில் திணித்திருக்கிறீர்கள். அவர்கள் சொன்னதில் தவறே இல்லை.

தேடலை எல்லாம் முடித்து, அடுத்த டிராக்கை முதல் பீட்டில் நிறுத்தி வைத்த பிறகுதான் லூப் பொத்தானுக்குக் கை போக வேண்டும். அப்போதும் எத்தனை சுற்று என்பது முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரப்போகும் பாட்டின் முன்னிசை 16 பார் (ஒரு பார் என்பது நான்கு பீட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 128 பிபிஎம்மில் அது சரியாக 30 வினாடி. போகிற பாட்டில் நான்கு பார் லூப் போட்டால் ஒரு சுற்று 7.5 வினாடி. ஆகவே நான்கே சுற்று. லூப்பின் முதல் பீட்டும் புதிய பாட்டின் முதல் பீட்டும் ஒன்றாக விழும்படி தொடங்கினால், நான்காவது சுற்று முடியும் இடத்தில் புதிய பாட்டின் முன்னிசையும் முடியும். பழைய பாட்டை அங்கே வெளியேற்றுங்கள். பெரும்பாலான நடனப் பாட்டுகள் 8 அல்லது 16 பார் கொண்ட கட்டங்களாகவே அமைகின்றன; நடுவே மூன்றரைச் சுற்றில் லூப்பைத் திறந்துவிட்டால், பீட் பொருந்தினாலும் கட்டம் பொருந்தாது, ஆடுபவரின் கால் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

எந்த இடத்தைச் சுற்றவிடுகிறீர்கள் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒரு பகுதியை மாறி மாறி ஓட்டி நீட்டினார். அவர் நீட்டியது தாள வாத்தியங்கள் மேலோங்கி ஒலிக்கும் இடத்தை. பாடகரின் அரைச் சொல்லை அல்ல. சொல் பாதியில் அறுந்து திரும்பத் திரும்ப வரும் லூப்பை, அதையே வேண்டுமென்று செய்யும் துணிச்சல் உங்களுக்கு இல்லாதவரை, தொடவே வேண்டாம். பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) நகர்ந்துகொண்டிருக்கும் இடமும் ஆபத்தானது: நான்கு பாரில் முடியும் பேஸ் வரியில் ஒரு பாரை மட்டும் வெட்டிச் சுற்றவிட்டால், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி கேள்வி கேட்பவரைப் போல ஒலிக்கும்.

நான்கு சுற்றையும் ஒரே மாதிரி ஓடவும் விடக் கூடாது. இரண்டு சுற்று முடிந்ததும் பழைய பாட்டின் பேஸை ஈக்யூவில் (தாழ், உயர் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் குமிழ்களில்) இறக்கி, அதே பீட்டில் புதியதன் பேஸை ஏற்றுங்கள். இரண்டு பேஸும் ஒன்றாக ஒலிக்கும் சகதியைக் காட்டிலும் ஒரு கணம் பேஸே இல்லாமல் இருப்பது மேல். கடைசிச் சுற்றில் லூப்பைப் பாதி, அதில் பாதி என்று சுருக்குவது எல்லோருக்கும் பிடித்த வித்தை. ஒரு இரவில் ஒரு தடவை செய்தால் ரசிப்பார்கள், பாட்டுக்குப் பாட்டு செய்தால் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரட்டைக் கிக்கின் காரணத்தைக் காதாலேயே பிரித்தறியலாம். லூப்பைத் தனியாக ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றும் திரும்பும் இடத்தில் மட்டும் ‘டட்’ என்று இரண்டாக விழுந்தால், லூப் சற்று நீளம்: அடுத்த கிக்கின் தலை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. தனியாகச் சுத்தமாக ஒலித்து, மற்றப் பாட்டுடன் சேர்த்த பிறகு கிக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தால், இரண்டின் வேகமும் ஒன்றாக இல்லை. ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி பிசகினால் போதும், எட்டாம் சுற்றில் அது 80 மில்லி வினாடியாக வளர்ந்து நிற்கும். மனிதர் கையால் டிரம் வாசித்த பழைய பதிவுகளில் வேகம் பாருக்குப் பார் அசையும் என்பதால், மென்பொருள் போட்ட பீட்கிரிட் (பீட் விழும் இடங்களைக் காட்டும் கோடுகள்) அங்கே அடிக்கடி ஏமாற்றும். லூப்பைப் பீட்டோடு ஒட்டவைக்கும் குவான்டைஸ் வசதி அந்தக் கிரிட்டை நம்பித்தான் லூப்பை வெட்டுகிறது. எனவே அத்தகைய பாட்டுகளுக்குக் கிரிட்டை முன்னதாகவே நீங்கள் கையால் திருத்தி வைக்க வேண்டும். இந்தத் திருத்தத்தை இப்போது உங்களிடம் இருக்கும் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டே செய்யலாம்.