ஆந்தையின் முதுகில் ஒரு கருவி

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் ஓரிகன் காடுகளில் புள்ளி ஆந்தைகளுக்கு ரேடியோ கருவி மாட்டிப் பின்தொடர்ந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மனசு ஒப்பவில்லை. அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு பறவையைச் சுருக்குப் போட்டுப் பிடித்து, முதுகில் கருவியைக் கட்டி, ராத்திரி முழுக்க அதன் பின்னால் அலைவது யாருக்காக? காட்டை வெட்டாமல் விட்டாலே போதுமே, ஆந்தை தன்னைப் பார்த்துக்கொள்ளாதா? எங்கள் வீட்டுப் புளியமரப் பொந்தில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தை பல வருஷமாக இருக்கிறது. நாங்கள் அதைத் தொட்டதே இல்லை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் புளியமரத்தில் இருப்பது நம்மூர்ச் சின்ன ஆந்தை. நான் எழுதியது வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைக்காடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தையை. பெயர்தான் ஒன்று, பறவை வேறு. உங்கள் ஜோடிக்கு ஒரு பொந்தும் பக்கத்தில் கொஞ்சம் வெட்டவெளியும் இருந்தால் போதும். அந்த அமெரிக்கப் பறவைக்கு அப்படி இல்லை.

காட்டை வெட்டாமல் விட்டால் போதும் என்கிறீர்கள். சரிதான். ஆனால் 1970களின் ஓரிகனில் காட்டை அப்படியே விட யாரும் தயாராக இல்லை. இருநூறு, முந்நூறு வருஷத்து டக்ளஸ் ஃபிர் மரங்களை மலைச்சரிவு சரிவாக மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம். அங்கே எழுந்த கேள்வியே வேறு: ஒரு ஜோடி ஆந்தைக்கு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்? 1973இல் ஒரு குழு, ஜோடிக்கு 300 ஏக்கர் என்றது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுவரை அந்த ஆந்தை ராத்திரியில் எங்கே போகிறது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பார்த்தவர் எரிக் ஃபோர்ஸ்மன். 1968இல் அவர் ஒரு கல்லூரி மாணவர். கோடை விடுமுறையில் வில்லாமெட் தேசியக் காட்டின் பாக்ஸ் கேன்யன் காவல் குடிலில் வேலை. ஒரு மாலை, தூரத்தில் நாய் குரைப்பதுபோல் ஏதோ கேட்டது. அதே குரலில் திருப்பிக் கூப்பிட்டார். ஆந்தை குடிலின் முற்றத்துக்கே வந்துவிட்டது. அப்போது அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

1975இல் அவர் ஆந்தைகளுக்கு டிரான்ஸ்மிட்டர் மாட்டினார். கையில் ஆன்டெனாவோடு மலைப்பாதையில் ஓரிடத்தில் நின்று, டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் பலமாக வரும் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வேறோரிடத்துக்கு ஓடிப்போய் மறுபடியும் குறிக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஆந்தை. மலையில் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி ஏமாற்றும். இப்படி ராத்திரி ராத்திரியாகப் புள்ளி வைத்துக் கோடு இழுத்ததில் தெரியவந்தது, ஒரு ஜோடி ஆயிரக்கணக்கான ஏக்கரில் சுற்றுகிறது என்பது. 300 ஏக்கர் அதற்கு அடுப்படி அளவுதான்.

ஏன் அவ்வளவு? அதன் முக்கிய இரை பறக்கும் அணில். ஆந்தை கக்கிப்போட்ட உருண்டைகளைப் பிரித்து, எலும்பை எண்ணித் தெரிந்துகொண்டது இது. அந்த அணில் மண்ணுக்கடியில் விளையும் காளானைத் தின்று வாழ்வது, காட்டில் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆந்தை கூடும் கட்டாது. நுனி முறிந்த கிழட்டு மரமோ பெரிய பொந்தோ வேண்டும். வெயில் காலத்தில் அடுக்கடுக்கான கிளைகளுக்குக் கீழே இறங்கி நிழலில் உட்கார்ந்தால்தான் சூடு தாங்கும். இத்தனையும் சேர்ந்து கிடைப்பது முதிர்ந்த காட்டில்தான்.

குஞ்சுகளின் கதை இன்னும் கஷ்டமானது. இலையுதிர் காலத்தில் அவை தாய்க்காட்டை விட்டுக் கிளம்பும். கருவி மாட்டிப் பின்தொடர்ந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை ஒரு வருஷம் தாண்டவில்லை. பசியில் செத்தன, பெரிய கொம்பு ஆந்தைக்கு இரையாயின. ஆனால் அவை போன தூரம் குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. 1990இல் வனவிலங்கு ஆய்வாளர் ஜாக் வார்ட் தாமஸ் தலைமையிலான குழு, காப்புக் காடுகளுக்கு இடையே 12 மைலுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று சொன்னது இதை வைத்துத்தான். பின்தொடர்ந்த குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தூரத்தையாவது எட்டியிருந்தன. அந்த 12 மைலைச் சொன்னது செத்துப்போன அந்தக் குஞ்சுகள்தான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே வருஷம் ஜூனில் ஆந்தை சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. 1994இல், அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதைப் பெருமளவு குறைத்த வடமேற்குக் காடுகள் திட்டம் வந்தது.

இனி, நீங்கள் கேட்ட வலி. அதை நான் மறைக்க மாட்டேன். முதுகில் கருவி சுமந்த ஆந்தைகள் குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுத்தன. 1992இல் இதை ஆராய்ந்து வெளியிட்டவர்களில் ஃபோர்ஸ்மனும் ஒருவர். தன் வேலை பறவைக்குச் செய்த கெடுதலைத் தானே அளந்து சொன்ன அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். வால் இறகில் ஒட்டும், சில கிராமே எடையுள்ள கருவிகளும் புழக்கத்துக்கு வந்தன. இறகு உதிரும்போது அதுவும் விழுந்துவிடும். இப்போது மரத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், குரலைக் கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்கிறது.

கருவியே இல்லாத ஒரு வழியும் உண்டு. குஞ்சு பொரிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, உயிருள்ள ஒரு எலியைக் குச்சியில் வைத்து நீட்டுவார்கள். இந்த ஆந்தைக்கு மனிதரிடம் பயம் குறைவு. சத்தமே இல்லாமல் இறங்கி வந்து எடுத்துக்கொள்ளும். அங்கேயே தின்றுவிட்டால் அன்றைக்கு விஷயம் ஒன்றும் இல்லை. எலியை அலகில் வைத்தபடி இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பறந்தால், எங்கோ இணையோ குஞ்சோ காத்திருக்கிறது. முள்ளும் சரிவும் பார்க்காமல் பின்னால் ஓட வேண்டியதுதான்.

காட்டை விட்டால் போதுமா என்பதற்கும் பதில் கசப்பாகவே இருக்கிறது. வெட்டு பெருமளவு குறைந்த பிறகும் இந்த ஆந்தை குறைந்துகொண்டே போகிறது. கிழக்கிலிருந்து வந்து பரவிய வரி ஆந்தை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. 2007 முதல் 2009 வரை இரண்டையும் கருவி மாட்டிப் பின்தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, புள்ளி ஆந்தைக்கு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிக இடம் தேவைப்பட்டது. வரி ஆந்தை கிடைத்ததைத் தின்றுகொண்டு சின்ன இடத்தில் நெருக்கமாக வாழ்கிறது. 2024இல் அமெரிக்க அரசு, 30 ஆண்டுகளில் சுமார் 4.5 லட்சம் வரி ஆந்தைகள் வரை சுட அனுமதிக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. எனக்கு மனசு கனக்கிறது. ஆனாலும், புள்ளி ஆந்தை அடியோடு அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அதற்குச் சம்மதிப்பேன்.

உங்கள் புளியமரத்து ஜோடியைத் தொட வேண்டாம். மரத்தடியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்துப் பாருங்கள். வண்டின் ஓடு கிடைத்ததா, எலியின் தாடையா என்று எழுதுங்கள்.