தாத்தாவின் கை நடுக்கமும் பேத்தியின் பிளஸ் ஒன் குரூப்பும்

கோத்தகிரி அம்மாவுக்கு வணக்கம்.

"டாக்டருக்குப் படிக்கமாட்டாளாம், தாத்தாவுக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு ஆராய்ச்சி செய்வாளாம். அது சோறு போடுமா சார்?" என்று கேட்டீர்கள். சரி, முதலில் உங்கள் மகள் எதைத் தேடுகிறாள் என்று பார்ப்போம்.

தாத்தாவுக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோயில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளை நடுமூளையில் சுரக்கும் செல்கள் மெல்ல இறந்துபோகின்றன. கை நடுங்கத் தொடங்கும்போதே அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும். ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை எழுதியது 1817-ல். குறிப்பாக அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை. ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவற்றைக் கழித்துக்கட்ட பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு மரபணுக்கள் வேண்டும். அவை கெட்டுப்போனவர்களுக்கு இளம் வயதிலேயே நோய் வருகிறது. வயது ஏற ஏற இந்தத் துப்புரவு எல்லோருக்கும் மந்தமாகிறது. செல் தன் கழிவைத் தானே தின்று தீர்க்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது. அவர் அதைக் கண்டது ரொட்டி மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டில். இந்த வேலைக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தோட்டத்துக்கு அடித்த மருந்துதான் காரணமா என்றும் கேட்டீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்கள் மாமனாருக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம் அம்மா.

இப்போது குரூப். கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் வேண்டாம், பயோ-மேத்ஸ் எடுக்கட்டும். அறிவியல் ஆராய்ச்சிக்கென்றே இருக்கும் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களான ஐசரின் (IISER) நுழைவுத் தேர்வின் 60 கேள்விகளில் 15 கணக்கு. அங்கே ஐந்தாண்டுப் படிப்பு, அப்புறம் பிஎச்.டி. இன்னும் ஐந்தாறு வருடம். பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸிலும் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்திலும் அதற்கு இடமுண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். ஆக, இருபத்துமூன்று வயதுவாக்கில் கையில் காசு பார்ப்பாள், ஆனால் நிலையான வேலைக்கு முப்பதைத் தாண்டலாம். பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பேராசிரியர் இடங்கள் குறைவு. மருந்து நிறுவனங்களிலும் தடுப்பூசித் தயாரிப்பிலும் வேலை இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இயங்குகிறதே, அங்கும் டாக்டர்கள் மட்டுமா இருக்கிறார்கள்?

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்: "தாத்தாவை நீதான் காப்பாத்தணும்." பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை.

கணக்குக்குப் பயப்படுகிறாள் என்றீர்கள். அட்மிஷன் படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு ஞாயிறு அவளை அழைத்து வாருங்கள். பத்தாம் வகுப்பு கணக்கு நோட்டும் கூட வரட்டும்.