திருமதி டேன்வர்ஸுக்கு அப்பால்: ஜூடித் ஆண்டர்சன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ‘ரெபெக்கா’ படத்தில் மாளிகையின் தலைமைப் பணிப்பெண்ணாக வரும் திருமதி டேன்வர்ஸைக் கண்டு மிரண்டவர்களில் நானும் ஒருவன். நடித்தவரை ஆங்கிலேயர் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஆஸ்திரேலியர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஜூடித் ஆண்டர்சன் 1897 பிப்ரவரி 10 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரான்செஸ் மார்கரெட். நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் இவர். தாயார் நார்வுட் பகுதியில் மளிகைக் கடை நடத்தியே குடும்பத்தைக் கரைசேர்த்தார். அடிலெய்டில் லாரன்ஸ் கேம்ப்பெல் என்ற ஆசிரியரிடம் பேச்சுக்கலை பயின்றபின், 1915இல் சிட்னியில் ஜூலியஸ் நைட் என்ற முன்னணி நடிகருடன் முதன்முதலாகத் தொழில்முறை மேடை ஏறினார். ஜூடித் என்ற பெயர் பின்னாளில் அமெரிக்காவில் அவரே சூட்டிக்கொண்டது.

கேள்வி: சொந்த நாட்டில் மேடை கிடைத்த பிறகும் அவர் ஏன் அமெரிக்கா சென்றார்? திரைப்பட ஆசையா?

பதில்: அக்கால ஆஸ்திரேலிய நாடக உலகைப் பார்த்தால் காரணம் விளங்கும். பெரிய அரங்குகளும் சுற்றுப்பயணங்களும் ஜே. சி. வில்லியம்சன் என்ற வணிக நிறுவனத்தின் பிடியில் இருந்தன. லண்டனிலோ நியூயார்க்கிலோ வெற்றிபெற்ற நாடகத்தை வாங்கி, அதன் முதன்மை வேடத்துக்கு வெளிநாட்டு நடிகரையே கப்பலில் வரவழைத்து, மீதி வேடங்களை உள்ளூர்க்காரர்களுக்குப் பங்கிட்டுத் தருவது அங்கே வழக்கமாக இருந்தது. நாயகி ஆக வேண்டும் என்று கனவு கண்ட இளம்பெண்ணுக்கு அங்கே வழி குறுகலாகவே இருந்தது.

1918இல் தாயாருடன் கலிபோர்னியா சென்றார். அங்கே வாய்ப்பு எதுவும் அமையாததால் நியூயார்க்கை அடைந்து, வாரந்தோறும் நாடகத்தை மாற்றும் சிறு குழுக்களில் உழைத்தார். 1924இல் ‘கோப்ரா’ என்ற நாடகம்தான் அவரை நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வேயில் நிலைநிறுத்தியது. 1927இல் அதே நாடகத்துடன் ஆஸ்திரேலியா திரும்பியபோது, அவரும் வெளிநாட்டிலிருந்து வந்த நட்சத்திரமாகவே வந்து இறங்கினார். அந்த நாட்டில் முதன்மை வேடம் பெற அன்று இருந்த நிச்சயமான வழி இதுதான் என்பது எனக்கு இன்றும் சற்றுக் கசப்பாகவே படுகிறது.

அதன்பின் அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் ‘ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்’ நாடகத்தில் லின் ஃபாண்டேன் விலகியபோது அவருடைய வேடத்தை ஏற்றார். மாலையில் தொடங்கி, இரவு உணவுக்கு இடைவேளை விட்டு, நள்ளிரவை நெருங்கும்வரை நீளும் நாடகம் அது. இத்தகைய வேடங்களில்தான் அவருடைய குரலும் மூச்சும் உரமேறின.

கேள்வி: கடைசி வரிசைவரை எட்டும்படி பேசிப் பழகிய மேடை நடிகை, திருமதி டேன்வர்ஸாக எப்படி அவ்வளவு அடக்கமாக நடித்தார்?

பதில்: பாதிப் பெருமை இயக்குநர் ஹிட்ச்காக்கைச் சேரும். அந்தப் பாத்திரம் நடந்து வருவதை அவர் கூடுமானவரை காட்டவில்லை. நாயகி திரும்பிப் பார்ப்பார். டேன்வர்ஸ் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பார். எந்த நேரத்தில் எங்கே முளைப்பாரோ என்ற நாயகியின் பதைப்பை நமக்கும் தொற்ற வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று அவரே பின்னர் விளக்கியிருக்கிறார்.

மீதிப் பாதி ஆண்டர்சனுடையது. இறந்துபோன எஜமானியின் படுக்கையறையை அவர் புது மனைவிக்குச் சுற்றிக் காட்டும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அலமாரியிலிருந்து மென்மயிர் மேலங்கியை எடுத்து, அதன் கையைத் தம் கன்னத்தில் வைத்துத் தடவி, பிறகு அதையே அந்தப் பெண்ணின் கன்னத்திலும் தடவுகிறார். சற்று நேரம் கழித்து எஜமானியின் மெல்லிய இரவு உடைக்குள் தம் கையை நுழைத்து, துணிக்கு அப்பால் கை தெரிவதைக் காட்டுகிறார். குரல் உயரவே இல்லை. விருந்தாளிக்கு வீட்டைக் காட்டும் பணிவு கடைசிவரை மாறவும் இல்லை. பொருள்களைத் தொடும் விரல்களில் மட்டும் பக்தியும் வெறியும் ஒன்றாகக் கலந்து தெரிகின்றன. திரையில் நெடிதுயர்ந்து தோன்றும் அவர் உண்மையில் உயரம் குறைந்தவர். நிமிர்ந்த முதுகும் அசையாத தலையுமே அந்த உயரத்தைத் தந்தன. அவை மேடை தந்த பயிற்சி. ஆகவே, மேடையை மறந்ததால் அவர் திரையில் வென்றார் என்று கூறுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: அந்த வேடத்துக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

பதில்: சிறந்த துணை நடிகைக்கான பரிந்துரை கிடைத்தது, விருது ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ படத்தில் நடித்த ஜேன் டார்வெலுக்குப் போயிற்று. அதன்பின் ஆண்டர்சன் ஒருமுறைகூட ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை.

கேள்வி: மேடையில் அவர் சிகரம் தொட்ட வேடம் எது? ஷேக்ஸ்பியரின் மேக்பெத் சீமாட்டி என்பது என் கணிப்பு.

பதில்: நெருங்கி வந்துவிட்டீர்கள். 1937இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் லாரன்ஸ் ஒலிவியருடன் அந்த வேடத்தில் நடித்தார். அரங்கை நடத்திவந்த லிலியன் பேலிஸ், நாடகம் அரங்கேறவிருந்த வேளையில் காலமானார். ‘மேக்பெத்’ ராசியில்லாத நாடகம் என்று நம்பும் நடிகர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. 1941இல் நியூயார்க்கில் மாரிஸ் எவன்ஸுடன் அதே வேடத்தை மீண்டும் ஏற்றார். தொலைக்காட்சியில் 1954இலும் 1960இலும் அதே இணை அந்த நாடகத்தை வழங்கியபோது இருமுறையும் ஆண்டர்சன் எம்மி விருது பெற்றார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு தயாரிப்புகளில் இரண்டு விருது பெறுவது அரிது.

ஆயினும் சிகரம் மெடேயாதான். தன்னைக் கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கத் தான் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் அந்தக் கிரேக்கக் கதையை, கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ் ஆண்டர்சனை மனத்தில் கொண்டே ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். 1947 அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறிய அந்த நாடகத்தை ஜான் கீல்குட் இயக்கியதோடு ஜேசனாகவும் நடித்தார். மெடேயா உடனே மேடைக்கு வருவதில்லை. வீட்டுக்குள்ளிருந்து அவளுடைய ஓலம் மட்டும் முதலில் கேட்கிறது. வெளியே செவிலித்தாய் அஞ்சிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறாள். உருவத்தைக் காட்டாமல் குரலால் மட்டுமே அரங்கைக் கைப்பற்ற வேண்டிய அந்தத் தொடக்கம் ஆண்டர்சனுக்கென்றே அமைந்தது எனலாம். 1948இல் வழங்கப்பட்ட, அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருதை கேத்தரின் கார்னெல், ஜெசிகா டாண்டி ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

1955இல் அதே நாடகத்துடன் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அங்கே தேசிய அளவில் நாடகத்தை வளர்க்க அதற்கு முந்தைய ஆண்டு தோன்றிய எலிசபெத்தன் தியேட்டர் டிரஸ்ட் அந்தப் பயணத்தை நடத்தியது.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த பிறகு ஹேம்லட்டாக நடித்தாராமே! தேவையற்ற துணிச்சல் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: பெண்கள் ஹேம்லட் வேடம் ஏற்பது புதிதன்று; 1899இலேயே பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் நடித்துக் காட்டியிருக்கிறார். 73 வயதில் ஊர் ஊராகச் சுற்றி, 1971 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் ஆண்டர்சன் அதே வேடத்தில் தோன்றினார். விமர்சகர்கள் பெரும்பாலும் கைவிட்டார்கள். இளவரசனின் இளமை அந்த உடலில் வராது என்பதில் அவர்கள் கூறியது நியாயமே. ஆனால் 1936இல் கீல்குட் ஹேம்லட்டாக நடித்தபோது ஹேம்லட்டின் தாய் கெர்ட்ரூடாக நடித்தவர் ஆண்டர்சன். இரவுதோறும் அவ்வளவு அருகில் நின்று கேட்ட வசனங்களை ஒருமுறையாவது தாமே பேசிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நடிகை விரும்பியிருந்தால் அதை வீண் துணிச்சல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ படத்திலும் ‘ஸ்டார் டிரெக்’ படமொன்றிலும் வருபவர் இவர்தானா?

பதில்: இவரேதான். 1956இல் வெளியான முதல் படத்தில், மோசேயின் பிறப்பு இரகசியத்துக்குச் சான்றான எபிரேயத் துணியை ஒளித்து வைத்திருக்கும் பணிப்பெண் மெம்னெட் இவர். அந்தக் கதாபாத்திரத்தைத்தான் இளவரசி மாடத்திலிருந்து தள்ளிக் கொல்கிறாள். 1984இல் ‘ஸ்டார் டிரெக்’ மூன்றாம் படத்தில் வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தலைமைப் பூசாரியாக வந்தபோது வயது 87. அதே ஆண்டு தொடங்கிய ‘சாண்டா பார்பரா’ என்ற தொலைக்காட்சித் தொடரிலும் நடித்தார். கதை நிகழும் அந்த ஊர்ப்பக்கம்தான் அவர் நெடுங்காலம் குடியிருந்தார்.

கேள்வி: பிரிட்டிஷ் பட்டம் பெற்றவருக்கு ஆஸ்திரேலிய அரசு ஏதேனும் செய்ததா?

பதில்: 1960இல் பிரிட்டிஷ் முடியாட்சியின் ‘டேம்’ பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் உயர்ந்த குடிமை விருதுகளில் ஒன்றான ‘கம்பானியன் ஆஃப் தி ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா’ 1991இல்தான் அளிக்கப்பட்டது. 1992 ஜனவரி 3 அன்று கலிபோர்னியாவில் மறைந்தார்.

கேள்வி: இன்று அவருடைய நடிப்பைப் பார்க்க விரும்புவோர் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘ரெபெக்கா’வைப் பார்த்தவர்கள் அடுத்து 1959ஆம் ஆண்டின் தொலைக்காட்சி ‘மெடேயா’வைத் தேடிப் பாருங்கள். ஆயிரம் பேர் அமரும் அரங்குக்கு அளவெடுத்த நடிப்பு சிறு திரைக்குள் திமிறுவதால் முதல் கால் மணி நேரம் மிகையாகத் தெரியக்கூடும். பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும். 1982இல் மற்றோர் ஆஸ்திரேலிய நடிகையான ஜோ கால்ட்வெல் மெடேயாவாக நடிக்க, ஆண்டர்சன் செவிலித்தாய் வேடத்தில் உடன் நடித்தார். கால்ட்வெல்லுக்கு டோனி விருதும், ஆண்டர்சனுக்கு அதற்கான பரிந்துரையும் கிடைத்தன. முதல் பதிவைக் கண்டபின் இந்த நாடகத்தின் பதிவையும் பார்த்தால், 85 வயதில் அவர் எதையெல்லாம் குறைத்துக்கொண்டார் என்பதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.