கையசைவால் இயங்கும் திரையைக் கடைக்கு வருபவர்களிடம் எப்படிச் சோதிப்பது?

ஆய்வுகூடத்தில் நண்பர்கள் ஐந்து பேரிடம் காட்டியபோது நன்றாக வேலை செய்தது, இனிக் கடைத்தொகுதியில் வைத்துச் சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புடவைக் கடைகளின் வாசலில், கையை அசைத்தால் சேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் திரையைச் சோதித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐந்து பேர் போதும் என்ற கணக்கு, பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையால் பரவியது. ஐந்து பேரிடம் சோதித்தால் குறைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரியவரும் என்றார். பாவனையாளர்கள் வெவ்வேறு வகையினர் என்றால் ஒவ்வொரு வகையிலும் ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்து மாணவர்கள் ஐந்து பேர் நின்றாலும் அது ஒரே வகைதான். முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரம் பார்த்தபடி சாமான் வாங்கும் அம்மாவும், பரந்தனில் இருந்து வயல் வேலை முடித்து வந்த ஐயாவும் அந்த ஐவருக்குள் இல்லை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புடவைக் கடையில் பார்த்த பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. எதிரே இருப்பவை எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று அளக்கும் ஆழமறியும் கமரா, கண்ணாடிக்குள் இல்லாத தூரத்தைக் கண்டு குழம்பும். மேற்குப் பார்த்த வாசல் என்றால் பின்னேர வெயிலின் அகச்சிவப்புக் கதிர்கள் மைக்ரோசொஃப்ட்டின் ஆழமறியும் கமராவான பழைய கினெக்டைக் குருடாக்கிவிடும். ஆகவே காலையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

முக்கியமானது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. திரைக்குப் பக்கத்தில் நின்று "அக்கா, கையை இப்படி அசையுங்கள்" என்று சொன்ன கணத்தில் சோதனை கெட்டுவிடுகிறது. அவர் உங்களுக்காக அசைப்பார், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். நம் ஊரில் முகத்துக்கு நேரே குறை சொல்பவர்கள் குறைவு. துணி மடிக்கும் மேசைப் பக்கம் போய் நின்று, ஆட்கள் தாமாக என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

நான் பார்த்த ஒரு காட்சி. ஒரு தாய், இடது இடுப்பில் குழந்தை, வலது கையில் இரண்டு பை. திரையில் தன் நிழலுருவம் அசைவதைக் கண்டு நின்றார். எங்கள் மென்பொருள் வலது கைக்காகக் காத்திருந்தது. பையைக் கீழே வைப்பதா என்று ஒரு முறை தரையைப் பார்த்தார், பிறகு கடைக்குள் போய்விட்டார். சற்றுப் பின்னால் வந்த அவருடைய மகள், பள்ளிச் சீருடையில் இருந்தவள், கையை வீச, சேலை மாறியது. அவள் கூப்பிட்ட குரலுக்குத் தாய் திரும்பி வந்தார். பின்னால் இன்னும் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் கூடுவதை, பொதுவிடத் திரைகளை ஆராய்ந்த பிரிக்னலும் ரொஜர்ஸும் 2003 இலேயே எழுதியிருக்கிறார்கள். ஜோர்க் முல்லர் குழுவினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: திரையைக் கடந்து போன பிறகுதான் பலருக்கு அது தம்மைக் கண்டு அசைகிறது என்று உறைக்கிறது, அதனால் திரும்பி நடந்து வருகிறார்கள். ஆகவே எத்தனை பேர் திரையைப் பயன்படுத்தினார்கள் என்பதோடு, யார் தயங்கினார், கையில் என்ன இருந்தது, யார் முதலில் தொடங்கிவைத்தார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பயன்பட்டவை இந்தக் குறிப்புகள்தான்.

அடுத்து, என்ன சைகையைக் கேட்கிறீர்கள்? கினெக்ட் 2010 இல் வந்த புதிதில், உடலசைவை அறிய உதவும் ஓப்பன்என்ஐ மென்பொருளோடு அதைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும்: ஆளை அடையாளம் காண, இரண்டு முழங்கைகளையும் மடித்துக் கைகளை மேலே தூக்கி நிற்கச் சொல்லும். இன்றைய மென்பொருளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் இரு கைகளையும் உயர்த்தித் தொடங்கும் வடிவமைப்புகளை மாணவர்களின் வேலைகளில் இன்னமும் காண்கிறேன். வன்னியில் அதை எவரிடமும் கேட்காதீர்கள். சோதனைச் சாவடிகளில் கைகளைத் தூக்கி நின்ற உடம்புகள் இவை. சேலை பார்க்க வந்த இடத்தில் அந்த நிலையை மறுபடி எடுக்கச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஏ9 வீதியில் பஸ்ஸை மறிக்க ஒரு கையை நீட்டுகிறோமே, அந்த அசைவை வைத்தோம். எந்தக் கையாலும் செய்யலாம். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு கை என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இடது முழங்கைக்குக் கீழே கை இல்லாத ஒருவர் வலது கையால் சேலைகளை மாற்றிக்கொண்டே வந்தார். கரையின் வேலைப்பாட்டை அருகில் பார்க்க ஆசைப்பட்டார். பெரிதாக்குவதற்கு இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். "தம்பி, இதைப் பெரிதாக்க வேறு வழி இல்லையா?" என்று அமைதியாகக் கேட்டார். போரும் கண்ணிவெடியும் கை கால்களைப் பறித்த மண்ணில் இது அரிதான நிலைமை அல்ல. நாளாந்தம் வாசலால் வரும் வாடிக்கையாளர். அன்று முதல், ஒரு கையால் முடியாத எந்தச் செயலையும் திரையில் வைப்பதில்லை என்று தீர்மானித்தோம். ஒரு சேலையின் முன் கையை நிறுத்தி வைத்தால் அது பெரிதாகும். நிறுத்தும் நேரத்தையும் குறைத்துக்கொண்டே போனோம், ஏனென்றால் நீட்டிய கை சீக்கிரம் கடுக்கும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் உயரத்திலும் குழந்தையின் உயரத்திலும் கமராவின் கோணத்தைச் சரிபார்த்த பின்னரே வாசலில் வையுங்கள்.

கமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் உங்கள் முன்னால் நிற்பவர்கள். தம்மை யாரோ பதிகிறார்கள் என்ற எண்ணம் வந்தால் பேசாமல் விலகிவிடுவார்கள், அது முற்றிலும் நியாயம். சைகையை அறிய ஆழத் தரவு, அதாவது கமரா அளக்கும் தூரங்கள், போதும். வண்ணப் படத்தைச் சேமிக்காதீர்கள். படம் எடுக்கப்படவில்லை என்பதைத் திரைக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். திரையைக் கடந்து போகாமலே கடைக்குள் நுழைய ஒரு வழியும் விடுங்கள். அந்த வழியால் போகிறவர்களை மறித்து ஏன் என்று கேட்க வேண்டாம்.