கணினி வேலையும் கழுத்து, கை, கண் வலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தோட்டக் கந்தோரில் கணக்கு வேலை. காலையில் விரல்கள் விறைத்துவிடுகின்றன. இரவிலும் வலது கை மரத்து, எழும்பி உதற வேண்டியிருக்கிறது. குளிர்தான் காரணமா? (தலவாக்கலை)

காலை விறைப்புக்குக் குளிர்தான் காரணமாக இருக்கும். குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறையும், நரம்பும் மந்தமாகும். விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறை போடுங்கள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆனால் அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிவந்து மேசைக்கடியில் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

இரவில் மரத்துப்போவது வேறு கதை. எந்த விரல் என்று பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். கார்பல் டனல் என்பது இதைத்தான். சின்னவிரல் என்றால் முழங்கையைச் சந்தேகப்படுங்கள், மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா? மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக இருக்க வேண்டும். அதற்குக் கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள், மவுஸைப் பக்கத்திலேயே வையுங்கள். இரவில் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டி நல்ல பலன் தரும். நீரிழிவும் தைரொய்ட் கோளாறும் இதைக் கூட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையிலிருந்து பொருள் நழுவுகிறது என்ற நிலை வந்தால் பட்டியோடு நிற்காமல் டொக்டரிடம் போங்கள்.

லயத்துக் காம்பராவில் மேசை போட இடமில்லை. கட்டிலில் இருந்தபடி லெப்டொப்பில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். கழுத்து வலி தாங்கவில்லை. (நோர்வூட்)

லெப்டொப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதுதான் தொல்லை. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். தலை ஏறக்குறைய 5 கிலோ; குனியக் குனிய அந்தப் பாரத்தைப் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்கிறது. கட்டில் ஓரத்தில் இரண்டு காலும் தரையில் படும்படி உட்காருங்கள். முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் மரப்பெட்டி, அதன்மேல் லெப்டொப். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கீபோர்டை மடியில் வையுங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து விலை கூடிய கதிரை வாங்க நினைத்தால், முதலில் இந்த இரண்டையும் வாங்குங்கள். இடமும் மிச்சம்.

இடுப்பு வலி என்றால், "மலை ஏறிக் கொழுந்து பறிக்கிற எனக்கே இல்லாத வலி, கதிரையில் இருக்கிற உனக்கா?" என்று அம்மா ஏசுகிறார். (மஸ்கெலியா)

அம்மாவுக்கும் வலி இருக்கும், சொல்லமாட்டார். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்த கழுத்தைப் பற்றி ஒருநாள் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆனாலும் அவர் நடக்கிறார், ஏறுகிறார், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் இறங்கி வருகிறார். உங்கள் தசைகளோ மணிக்கணக்கில் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கின்றன. எவ்வளவு நேராக உட்கார்ந்தாலும் நெடுநேரம் அசையாவிட்டால் வலிக்கும். அரை மணிக்கொரு தடவை எழும்பி நடங்கள். போன் வந்தால் நின்றுகொண்டே பேசுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

கண் எரிகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? (வெலிமடை)

காசை வீணாக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பில், அதனால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது, கண் காய்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கொரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள். உங்கள் ஊரில் இதற்கு ஜன்னல் வழியே எதிர்மலையே போதும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள். மூடுபனியின் வெள்ளை வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து அடித்தால் கண் கூசும். நாற்பது தாண்டியிருந்தால் கண் பரிசோதனையும் அவசியம். பலருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியில்தான் கோளாறே இருக்கும்.