மயிலாடியின் அந்த இரண்டு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாலிபர் சங்க மலருக்காக, கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடி கிறிஸ்தவ ஆலயத்தின் வரலாற்றை எழுதுகிறேன். 1806இல் லண்டன் மிஷனரி சங்கத்து மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார், 1809இல் ஆலயம் கட்டினார், 1816இல் ஊரைவிட்டுப் போனார். 1818இல் அடுத்த மிஷனரியான மீட் ஐயர் வரும்வரை சபை அநாதையாகக் கிடந்தது. ரிங்கல்தௌபே கடைசியில் என்ன ஆனார்? ஆலயத்தின் பழைய படங்கள் எங்கே கிடைக்கும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் லண்டன் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. படங்களை அங்கே கேட்டுப் பாருங்கள். ரிங்கல்தௌபே கப்பலேறிப் போனபின் என்ன ஆனார் என்பதற்கு உறுதியான தகவல் இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

அநாதையாகக் கிடந்தது என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? வெள்ளைக்காரர் இல்லாவிட்டால் சபைக்கு ஆளே இல்லையா? மகாராசன் வேதமாணிக்கம் என்ற பெயர் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. மயிலாடிக்காரர். சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பியவர், வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களைச் சந்தித்து, அங்கிருந்த மிஷனரி கோலாஃப் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினார். அது 1799. ரிங்கல்தௌபே வருவதற்கு ஏழு வருடம் முன்பே இங்கே ஜெபம் தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று கேட்டவரும் அவரே. 1816இல் ரிங்கல்தௌபே சபைகளை ஒப்படைத்துவிட்டுப் போனதும் அவரிடம்தான். ஊழியம் என்ற கூலியில்லாக் கட்டாய வேலையும் வரியுமாக, அப்போது இந்த ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு கசக்கிப் பிழிந்த ஜனங்களில் ஒருவர், இரண்டு வருடம் சபைகளைக் கலையாமல் காப்பாற்றியிருக்கிறார். மீட் ஐயர் வந்து இறங்கியபோது அவருக்குச் சபை இருந்தது என்றால் காரணம் அதுதான். உங்கள் மலரில் நீளமாக எழுத வேண்டிய பகுதியை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே தம்பி.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் வளர்ந்த கிராமத்துச் சபையில் ஐயர், அதாவது குருவானவர், மாதம் ஒருமுறை அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் குருப்பட்டம் இல்லாத சபை ஊழியரான உபதேசியார்தான். ஞாயிறு ஆராதனை நடத்துவார், எங்களுக்கு வசனம் சொல்லித்தருவார், வீட்டில் சண்டை வந்தால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார், ராத்திரியில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார். சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். அவர் அடக்கத்துக்கு ஊரே திரண்டது. ஆனால் ஆலயச் சுவரில் பதித்த கல்லில் ஐயர்மார் பெயர் மட்டும் வரிசையாக இருக்கிறது. அவர் பெயர் இல்லை, ஆலய மணி அடிக்கும் கோயில்குட்டியின் பெயர் இல்லை, அரிசி கொடுத்த பெண்களின் பெயர் இல்லை.

நீங்கள் உழைத்து எழுதுகிறீர்கள், உங்கள் எழுத்தில் ஆலயத்தின் மேல் அன்பு தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். மலர் அச்சுக்குப் போகுமுன் ஊரில் எண்பது வயது தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். யார் உபதேசியாராக இருந்தார்கள், யார் மணி அடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்பதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். ரிங்கல்தௌபேயின் படத்தைத் தாராளமாகப் போடுங்கள், ஆனால் வேதமாணிக்கத்தின் கதைக்குப் பிறகு.