பூசிய சிப்பாய் வாங்கவா, நானே பூசவா?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். நெப்போலியன் காலப் போர்களை மேசையில் விளையாட 28 மில்லிமீற்றர் உயரப் பொம்மைச் சிப்பாய்கள் 60 தேவை. நிறம் பூசியும் விற்கிறார்கள், பூசாமலும் விற்கிறார்கள். பின்னேர வகுப்பில் மணிக்கு 1,500 ரூபாய் உழைக்கிற நான் பிரஷோடு குந்தியிருப்பது நட்டம்தானே? கையில் 2 இலட்சம் சீட்டுக்காசு இருக்கிறது.

பதில்: சேர், முதலில் அந்தச் சீட்டுக்காசு. கழிவு கொடுத்து முன்னுக்கே எடுத்த சீட்டென்றால் அது இலாபமில்லை, மிச்சத் தவணை முடியும்வரை கடன்தான். அந்தத் தவணைகளையும் வீட்டு அவசரத்துக்கு ஒரு தொகையையும் ஒதுக்கிவிட்டு மீதியில் விளையாடுங்கள்.

இனிக் கணக்கு. பூசாதது ஒன்று 2 டொலர், பூசியது 8 டொலர் என்று பேச்சுக்கு வைப்போம், நீங்கள் பார்த்த கடையின் விலையைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். 60 பேருக்கு வித்தியாசம் 360 டொலர், டொலரை 300 ரூபாயாகப் பிடித்தாலும் 108,000. பெயின்ற், பிரஷ், பிரைமர் என்கிற அடிப்பூச்சு எல்லாவற்றுக்கும் 25,000 கழித்தால் மிச்சம் 83,000. ஒரு ஆளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மணிக்கு 1,380 சொச்சம். வகுப்பை விடக் குறைவுதானே என்பீர்கள். சரி, இரவு ஒன்பதரைக்கு எந்தப் பிள்ளை கொப்பியோடு வரும்? வகுப்பை நிறுத்திவிட்டுப் பூசினால்தான் அந்த 1,500 நட்டம், மற்றபடி அது இல்லாத வருமானம். போதாததற்கு அந்தப் பெயின்ற் அடுத்த பட்டாளத்துக்கும் வரும்.

பலர் யோசிக்காத இன்னொன்று இருக்கிறது. பூசிய சிப்பாயில் நீங்கள் கொடுப்பது வெளிநாட்டுக்காரரின் கூலி, அதுவும் டொலரில். 2022இல் டொலர் 200இலிருந்து 360 வரை ஏறியபோது நம் சம்பளம் அப்படி ஏறியதா? சுங்கத்தில் வரி பார்ப்பதும் பொருளின் முழுப் பெறுமதியோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான், ஆகவே பூசிய கூலிக்கும் நீங்கள் வரி கட்டுகிறீர்கள், 2024 தையிலிருந்து வற் வேறு 18 வீதம்.

ஒரு இடத்தில் மட்டும் பூசியதை வாங்குவேன்: விளையாட்டை விட்டுவிட்ட யாராவது வெளிநாட்டில் தன் பட்டாளத்தை மொத்தமாகத் தள்ளிவிடும்போது. அதில் பூசின கூலிக்குக் கணக்கே பார்க்க மாட்டார்கள். லீவில் வரும் மச்சானோ மச்சாளோ கைப்பையில் கொண்டுவந்தால் துவக்கு முனை வளையாமல் வந்து சேரும். பிரைமர் ஸ்பிரேயை மட்டும் கேட்டுவிடாதீர்கள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். இங்கே ஹாட்வெயார் கடை ஸ்பிரேயை வாங்கினால் ஒரு ஆளில் அடித்துப் பாருங்கள், சிலது பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். மார்கழி மழைக்குள் அடித்தால் ஈரத்தில் வெளிறிப்போகும். கச்சான் காற்றுக் காலத்திலோ பெயின்ற் தட்டிலேயே காய்ந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டி மூடியில் நனைத்த ஸ்பொஞ்சை வைத்து, மேலே எண்ணெய்த்தாள் விரித்து அதில் கலக்குங்கள்.

உண்மையான நட்டம் பூசாமல் அலுமாரியில் கிடக்கும் பெட்டிகளில்தான். 60ஐயும் ஒன்றாக ஓடர் பண்ணாமல் ஒரு பெட்டி எடுங்கள், அது மேசைக்கு வந்த பிறகு அடுத்தது. கடனட்டைத் தவணை வேண்டவே வேண்டாம்.